பிடிபி-11/34: முப்பது வருடம் சும்மா கிடந்ததற்கு முதல் கரண்ட் கொடுப்பது எப்படி?

வட்டுப்பெட்டி:
காட்சியகத்தில் ஓடவிடப்போகும் பிடிபி-11/34 (டெக் நிறுவனத்தின் 1970-களின் மினிகம்ப்யூட்டர்), கூடவே கழற்றி மாட்டும் கார்ட்ரிட்ஜ் வட்டு போடும் ஆர்கே05 டிஸ்க் டிரைவ். இரண்டுமே அமெரிக்க 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வேரியாக்கில் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) மெதுவாக ஏற்றினால் போதுமா? ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது.

குரோபார்:
வேரியாக் வால்வு ரேடியோவுக்குச் சரி. இதில் இருப்பது எச்744, போர்டுகளுக்கு 5 வோல்ட் கொடுக்கும் ஸ்விட்சிங் ரெகுலேட்டர். பாதி வோல்டேஜில் ஒழுங்காக ஓடாது.

முதலில் எந்த போர்டு எந்த ஸ்லாட் என்று போட்டோ எடுத்துவிட்டு எல்லாவற்றையும் உருவுங்கள். பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களைத் தனியாகக் கழற்றி, 10 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக, மேலே அச்சிட்ட வோல்டேஜ் வரை ஏற்றுங்கள். ரெசிஸ்டரில் 10 வோல்ட் விழுந்தால் கசிவு 1 மில்லியாம்ப். மணிக்கணக்கில் அது இறங்கிக்கொண்டே வர வேண்டும். இறங்காமல் நின்றாலோ, தலை உப்பியிருந்தாலோ புதிது போடுங்கள். பழையதில் சீட்டு கட்டி எடுத்து வையுங்கள், எறியாதீர்கள்.

அடுத்து எச்744. உள்ளே 20–30 வோல்ட் ஏசி, வெளியே 5 வோல்ட், 25 ஆம்ப் வரை. லோடு இல்லாமல் அளந்து திருப்திப்பட வேண்டாம், 0.5 ஓம், 100 வாட் ரெசிஸ்டர் போட்டால் 10 ஆம்ப் இழுக்கும். உள்ளே டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி, பாதுகாப்பு சர்க்யூட்டும் வேலை செய்யாவிட்டால் முப்பது வோல்ட்டுக்கு மேல் நேராக போர்டுக்குப் போகும். போர்டில் இருக்கும் டிடிஎல் வகை லாஜிக் சிப் தாங்குவது 7 வோல்ட்தான்.

நாடாச்சுருள்:
ஸ்டெப்-டவுன் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. ஆர்கே05-இல் வட்டைச் சுழற்றும் அச்சு (ஸ்பிண்டில்) ஏசி மோட்டாரில் பெல்ட் போட்டுச் சுழல்கிறது. 60 ஹெர்ட்ஸ் புல்லியோடு இங்கே 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் நிமிடத்துக்கு 1500-க்குப் பதில் 1250 சுற்றுதான் வரும். 50 ஹெர்ட்ஸ் புல்லியும் பெல்ட்டும் தேடுங்கள்.

திறந்ததும் காற்று வழியில் இருக்கும் ஃபோமைத் தொட்டுப் பாருங்கள். கரைந்து தார் மாதிரி விரலில் ஒட்டும். சுரண்டி எடுத்துப் புது ஃபோம் ஒட்டாமல் மோட்டாரைப் போட்டால் அந்தத் துகள் நேராக டிஸ்க் மேல் போய் உட்காரும். ஹெட் அதில் மோதினால் ஹெட்டும் போச்சு, கார்ட்ரிட்ஜும் போச்சு. ஃபில்டரையும் மாற்றுங்கள். கரண்ட் நின்றால் ஹெட்டைப் பின்னுக்கு இழுக்கும் நிக்கல்-காட்மியம் பேட்டரி பெரும்பாலும் கசிந்திருக்கும், பாருங்கள். ஹெட்டை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். மருந்துக்கடை 70 சதவீதம் வேண்டாம்.

வட்டுப்பெட்டி:
ரெகுலேட்டர் எல்லாம் லோடில் 5 வோல்ட் காட்டுகின்றன. போர்டுகளைப் போட்டேன், பிராசசர் அசையவே இல்லை. நடுவில் இரண்டு ஸ்லாட் காலி.

யூனிபஸ்:
அந்தக் காலி ஸ்லாட்தான் காரணம். பஸ் கிராண்ட் சிக்னல் (போர்டுகள் பொதுப் பாதையைப் பயன்படுத்த பிராசசர் தரும் அனுமதி) ஸ்லாட் ஸ்லாட்டாகக் கைமாறிப் போகிறது. காலியாக விட்டால் சங்கிலி அறுந்து, அதற்குப் பிறகு இருப்பவற்றுக்கு கிராண்ட் வந்துவிட்டது போலவே தெரியும். கடைசியில் பாதையை முடித்துவைக்கும் எம்9302 டெர்மினேட்டர் போர்டு இருந்தால், அது பதிலுக்கு சாக் (அனுமதி கிடைத்தது என்கிற) சிக்னலைப் பிடித்துக்கொண்டு விடாது. பிராசசர் காத்துக்கொண்டே நிற்கும்.

காலி ஸ்லாட்டில் டி வரிசையில் ஜி727 கார்டு செருகுங்கள், கிராண்டை அடுத்த ஸ்லாட்டுக்குக் கடத்திவிடும். சின்னது, தலைகீழாகவும் போய்விடும், கவனம். அங்கே முன்பு டிஎம்ஏ கன்ட்ரோலர் (பிராசசர் இல்லாமல் நேராக மெமரியோடு பேசும் போர்டு) இருந்திருந்தால், பேக்பிளேனில் (ஸ்லாட்டுகள் இருக்கும் பின்பலகை) சிஏ1, சிபி1 பின்களை இணைக்கும் வயரை எடுத்திருப்பார்கள். அதற்கு ஜி727 போதாது. வயரைத் திரும்பச் சுற்றுங்கள், இல்லையென்றால் ஜி7273 போடுங்கள்.

நாடாச்சுருள்:
ஓடத் தொடங்கியதும் ஹெட் ஏற்றாமல் ஸ்பிண்டிலை மட்டும் சில மணி நேரம் சுழலவிட்டுத் தூசியை வெளியேற்றுங்கள். முதலில் ஏற்றுவது அழிந்தாலும் பரவாயில்லை என்கிற கார்ட்ரிட்ஜாக இருக்கட்டும்.