பின் பிரேக் லிவர் ஹேண்டல் வரை போகிறது – மோட்டார் பிரேக் ஆயில் ஊற்றலாமா?

பீடோர் ரைடர்:
வணக்கம். என்னுடையது மவுண்டன் பைக், ஷிமானோ ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். பின் லிவரை அழுத்தினால் பஞ்சு மாதிரி ஹேண்டல் வரை போகிறது. விடாமல் நாலைந்து தடவை அழுத்தினால் கொஞ்சம் கெட்டியாகிறது. ஆயில் ஒழுகிய தடம் எங்கும் இல்லை. முன் பிரேக் பிடிக்கிறது, ஆனால் மழை பெய்தால் செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் ஊரே திரும்பிப் பார்க்கும்படி கத்துகிறது. இங்குள்ள சைக்கிள் கடையில் ஆயில் இல்லை. மோட்டார் பட்டறையில் டாட் 4 பிரேக் ஆயில் இருக்கிறது. ஊற்றலாமா?

தாப்பா அண்ணன்:
தாராளமாக ஊற்று தம்பி. பிரேக் ஆயில் எல்லாம் ஒன்றுதான்.

ஈப்போ சைக்கிள் பட்டறை:
அண்ணே, கோபிக்காதீங்க, ஒன்றே இல்லை. ஷிமானோவுக்கு மினரல் ஆயில் மட்டும்தான். டாட் 4 பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கெட்டுவிடும். அப்புறம் லிவர், கேலிப்பர் (சக்கரத்துப் பக்கம் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) இரண்டையும் புதிதாக வாங்க வேண்டியதுதான்.

தம்பி, அழுத்த அழுத்தக் கெட்டியாகிறது என்றால் உள்ளே காற்று. எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். டயர் கழற்ற சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினீங்களா? லிவர் தொட்டியில் இருக்கும் காற்று அப்போது குழாய்க்குள் போய்விடும். முதலில் காசில்லாத வைத்தியம்: சைக்கிளை நேராக நிறுத்தி, லிவரை அழுத்தி ரப்பர் பேண்டால் கட்டி, இரவு முழுக்க விடுங்க. அதற்கும் சரியாகாவிட்டால் ப்ளீடிங், அதாவது ஆயிலைத் தள்ளிக் காற்றை வெளியேற்றுவது. சக்கரத்தையும் பேடையும் (டிஸ்கை உரசும் கட்டை) கழற்றிவிட்டு, கேலிப்பரில் பேடைத் தள்ளும் பிஸ்டன்களுக்கு நடுவே, அவை வெளியே வராமலிருக்க ப்ளீட் பிளாக் என்ற துண்டை வைக்கணும். லிவரில் புனலை மாட்டி, கேலிப்பர் பக்கம் சிரிஞ்சால் ஆயிலை மேலே தள்ளணும். பேடில் ஒரு சொட்டு பட்டாலும் அந்தப் பேடை மறந்துவிடுங்க.

முன் பிரேக் ஈரத்தில் கத்துவது சகஜம். காய்ந்த பிறகும் கத்தினால், மருந்துக்கடையில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்கி டிஸ்கைத் துடைங்க. டபிள்யூடி-40 எண்ணெய் ஸ்ப்ரே மட்டும் பக்கத்தில் வரவே கூடாது. பேடையும் பாருங்க, 0.5 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றணும். சேற்றில் ரெசின் பேட் சீக்கிரம் தேயும்.

தாப்பா அண்ணன்:
அப்படியா! இதுவரை மோட்டாரோடு நிறுத்திக்கொண்டேன், பிழைத்தேன்.

பீடோர் ரைடர்:
ஆமாம், தலைகீழாகத்தான் நிறுத்தினேன். கட்டி வைத்ததில் லிவர் பாதிக்கு மேல் கெட்டியாகிவிட்டது. மினரல் ஆயிலும் ப்ளீட் கிட்டும் ஆன்லைனில் ஆர்டர் செய்திருக்கிறேன். முன் பிரேக்குக்கு மெட்டல் பேட் போடலாமா?

ஈப்போ சைக்கிள் பட்டறை:
டிஸ்கில் 'ரெசின் பேட் மட்டும்' என்று பொறித்திருக்கிறதா பாருங்க. இருந்தால் போடாதீங்க, டிஸ்க் தேய்ந்துவிடும். இல்லையென்றால் நம் சேற்றுக்கு மெட்டல்தான் நல்லது.