முதலாளி கடைக்கு வரச் சொல்கிறார், போகலாமா? (கனடா, ஏப்ரல் 5, 2020)

புதுவரவு:
வணக்கம். ஜனவரியில்தான் கனடா வந்தேன். ஒரு கடையில் வேலை. கொரோனா உத்தரவால் மார்ச் 24 இரவோடு மூடினோம், சம்பளமும் அன்றோடு நின்றது. இப்போது முதலாளி, "நம்ம கடையும் அத்தியாவசியம்தான், நாளைக்கு வந்துடு, பாதி ஷட்டர் திறந்து வைப்போம்" என்கிறார். போலீஸ் வந்தால் எனக்கும் அபராதமா? பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) போய்விடுமா? ஊரில் அப்பா அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் உடனே பதில் போடுங்கள், ப்ளீஸ்.

சர்ரேவாசி:
எதற்குப் பயம்? கடை திறக்கத் தடையே இல்லையே. சலூன், பார்லர் மாதிரி இடங்களைத்தான் மூடச் சொன்னார்கள். மற்றவர்கள் இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு வியாபாரம் பார்க்கலாம். எங்கள் மாகாணச் சுகாதார அதிகாரி டாக்டர் பானி ஹென்றி தினமும் டிவியில் சொல்வது இதுதான். நிம்மதியாகப் போய்வாருங்கள்.

மொன்றியால்காரன்:
தப்புத் தப்பாகச் சொல்லி ஒரு புதுப் பையனை மாட்டிவிடாதீர்கள். அத்தியாவசியம் இல்லாத எல்லாக் கடைக்கும் பூட்டு. 13-ம் தேதி வரை என்றிருந்ததை இன்றுதான் முதல்வர் லெகோ மே 4 வரை நீட்டினார். செய்தி பார்ப்பதே இல்லையா?

சர்ரேவாசி:
உங்கள் முதல்வர் எங்களுக்கு முதல்வர் இல்லை ஐயா.

ஸ்காபரோ அண்ணை:
தம்பி, வேலை என்று கூப்பிட்டால் போங்கோ. நாங்கள் வந்த காலத்தில் இப்ப அரசாங்கம் தாற இந்தக் கொரோனா உதவிப் பணமெல்லாம் ஆர் தந்தது? தொழிற்சாலையில் இரவு வேலை, விடியக் காலம் பஸ்ஸுக்குப் பனியில் நிற்கிறது. காய்ச்சல் என்று ஒருநாள் நின்றதற்கு இனி வரவேண்டாம் என்று அனுப்பினான் ஒருத்தன். முதல் வருஷம் வேலையை விட்டால் பிறகு கனடிய அனுபவம் எங்கே என்று கேட்பான்கள்.

மார்க்கம் மாமி:
அந்தப் பிள்ளை கேட்டது அபராதத்தைப் பற்றி. நீங்கள் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறீர்கள். எனக்கும் ஒன்று புரியவில்லை. ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்று கோயிலைப் பூட்டியாயிற்று, எல்சிபிஓ சாராயக் கடை மட்டும் எப்படி அத்தியாவசியம்?

பார்சல் பரமு:
குடிக்கு அடிமையானவர்களுக்குத் திடீரென்று நின்றால் உடம்பு தாங்காது, எல்லோரும் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவார்கள். அதனால் விட்டு வைத்திருக்கிறார்கள். கஞ்சாக் கடையை நேற்று இரவோடு அத்தியாவசியப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், அதையும் சொல்லுங்கள் மாமி.
முதலாளி பக்கமும் கொஞ்சம் பாருங்கள். என் சாப்பாட்டுக் கடையில் மேசையெல்லாம் கவிழ்த்துக் கிடக்கிறது, பார்சலும் டெலிவரியும் மட்டும்தான். வாடகை மட்டும் முழுசாக வேண்டும் என்கிறார் கட்டடக்காரர்.

மார்க்கம் மாமி:
வாடகைக் கதையை ஆரம்பித்தால் என்னிடமும் நிறைய இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
போதும். தம்பி, எந்த மாகாணம் என்று நீங்கள் சொல்லவே இல்லை, அதனால்தான் இத்தனை சண்டை. கடைகளை மூடுவது திறப்பது மாகாண உத்தரவு. சர்ரேக்காரர் சொன்னது பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குச் சரி, மற்றவர் சொன்னது கியூபெக்குக்குச் சரி. நீங்கள் எங்கே? கடையில் என்ன விற்கிறீர்கள்?

புதுவரவு:
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். ஒன்டாரியோவில் ஸ்காபரோ. புடவைக் கடை. வாசலில் நாலு மூட்டை அரிசியும் ஒரு பெட்டி மாஸ்க்கும் வைத்துவிட்டால் மளிகைக் கணக்கில் வந்துவிடுமாம். சம்பளம் கையில் தருவாராம், கணக்கில் வராதாம்.

பார்சல் பரமு:
அரிசி மூட்டையா! என்ன பிராண்ட்?

கணக்குப்பிள்ளை:
அப்படியென்றால் போகாதீர்கள். ஒன்டாரியோவின் உத்தரவில் முதலில் 74 வகைத் தொழில்கள் இருந்தன, நேற்று இரவிலிருந்து அது 44. மளிகை, மருந்துக் கடை உண்டு. புடவைக் கடை முதல் பட்டியலிலும் இல்லை, இதிலும் இல்லை. நாலு மூட்டை அரிசியைப் பார்த்து ஆய்வாளர் ஏமாறுவார் என்று நம்பிப் போகவேண்டாம்.

கடையை மூடவேண்டிய கடமை அதற்குப் பொறுப்பானவருடையது. அவசரநிலைச் சட்டப்படி உத்தரவை மீறினால் அந்த இடத்திலேயே 750 டாலர் டிக்கெட். கோர்ட்டுக்குப் போனால் தனிநபருக்கு ஒரு லட்சம் டாலர், ஒரு வருட ஜெயில் வரை போகும். கம்பெனிக்கு ஒரு கோடி டாலர் வரை. டிக்கெட் வாங்குவதாலோ வேலைக்குப் போகாததாலோ பிஆர் போகாது. அந்தப் பயத்தை விட்டுவிட்டுத் தூங்குங்கள்.

முதலாளியிடம் சண்டை போடவேண்டாம். பட்டியலில் இல்லாத கடையும் போனிலும் இணையத்திலும் விற்று, வீட்டுக்கு அனுப்பலாம். சரக்கை எடுத்துவரக் கொஞ்ச நேரம் கடைக்குள் போய்வரவும் உத்தரவு இடம் தருகிறது. புடவைகளைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் போடச் சொல்லுங்கள். அவருக்கும் அதில் நாலு காசு வரும்.

செர்ப் என்கிற மத்திய அரசின் கொரோனா உதவிப் பணம் நான்கு வாரத்துக்கு 2,000 டாலர், நாளைக்குத் தொடங்குகிறது. கொரோனாவால் வேலை போயிருக்க வேண்டும், 14 நாள் தொடர்ந்து வருமானம் இருக்கக்கூடாது. 25-ம் தேதியிலிருந்து உங்களுக்குச் சம்பளம் இல்லை, ஏழாம் தேதியோடு கணக்கு நிறைகிறது. இந்த நேரத்தில் கையில் காசு வாங்கினால் அதுவும் வருமானம்தான், பிறகு பொய் சொன்னதாகிவிடும்.

புதுவரவு:
5,000 டாலர் சம்பாதித்திருக்க வேண்டும் என்கிறார்களே. இங்கே அவ்வளவு வரவில்லை.

கணக்குப்பிள்ளை:
2019-லோ, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதத்திலோ இருந்தால் போதும். அது கனடாவில் சம்பாதித்ததாக இருக்கவேண்டும் என்றில்லை, நீங்கள் இப்போது இங்கே வசித்தால் சரி. ஊர்ச் சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுத்து வையுங்கள்.

ஸ்காபரோ அண்ணை:
ஊர்ச் சம்பளமும் கணக்கா? எங்கட காலத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால்!

புதுவரவு:
ரொம்ப நன்றி. வேலையை விடுகிறேன் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடட்டுமா?

கணக்குப்பிள்ளை:
ஐயையோ, வேண்டாம்! நீங்களாக விட்டால் செர்ப் கிடையாது. கடை மூடியதால் வேலை இல்லை என்பதுதான் உண்மை, அதை மட்டும் எழுதுங்கள். வேலை நின்றதற்கு முதலாளி தரும் ஆர்ஓஈ படிவம் கேளுங்கள். அதில் வேலை இல்லாததைக் குறிக்கும் 'ஏ' கோடு இருக்கவேண்டும். 'ஈ' போட்டால் நீங்களே விட்டதாக அர்த்தம். விண்ணப்பம் பிறந்த மாதப்படி: ஜனவரி முதல் மார்ச் வரை திங்கள், ஜூன் வரை செவ்வாய், செப்டம்பர் வரை புதன், மிச்சம் வியாழன். இணையக் கணக்கு இல்லாவிட்டால் போனிலும் செய்யலாம், சின் என்கிற சமூகக் காப்பீட்டு எண்ணும் அஞ்சல் குறியீடும் கையில் இருக்கட்டும்.

புதுவரவு:
ஆகஸ்ட். அப்போ புதன்கிழமை. முதலாளிக்கு என்ன எழுதுவது என்று ஒரு வரி சொல்லுங்கள் அண்ணா, தமிழிலேயே அனுப்புகிறேன்.

மார்க்கம் மாமி:
"அண்ணா, உத்தரவுப்படி கடை மூடியிருக்கும்வரை வர முடியாது, திறந்ததும் வருகிறேன், ஆர்ஓஈ அனுப்பிவையுங்கள்." இதை அப்படியே அனுப்பு. பதில் வந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்.