முட்டைக்குக் கோழி வாங்கும்போது, வளர்க்கும்போது கண்ணை விட்டுப் போகாத ஒன்று: அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் ஊர்)

திண்டுக்கல்

ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. மூங்கில் கூடையில் ஆறு வெள்ளைக்கோழி. "எல்லாம் வெடக்கோழி, பத்து நாள்ல முட்டை வச்சுரும்" என்று வியாபாரி சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒன்றைத் தூக்கிப் பார்த்தால், கால் நகம் கொக்கி மாதிரி வளைந்து விரலுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. அந்த நகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மண்ணைக் கிளறுகிற கோழிக்கு நகம் தேய்ந்துகொண்டே இருக்கும், அப்படி வளர வழியே இல்லை. அலகு நுனி மொட்டையாக வெட்டியிருந்தது. கழுத்தின் முன்பக்கம் இறகு தேய்ந்து தோல் தெரிந்தது. கம்பிக்கு வெளியே தலையை நீட்டியே தீவனம் தின்றதால் வருவது அது. மூன்றும் சேர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், கூண்டுப் பண்ணையில் ஒரு வருடத்துக்கு மேல் முட்டையிட்டுக் கழித்துவிட்ட கோழி. நாமக்கல் பக்கம் 72 முதல் 80 வார வயது வரை, சில பண்ணைகளில் அதையும் தாண்டி வைத்திருந்துவிட்டுக் கறிக்கு அனுப்புவார்கள். கறிக்கு என்று சொல்லி விற்கட்டும். வெடை, அதாவது இன்னும் முட்டைக்கு வராத இளம் பெட்டை என்று விற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

உண்மையான வெடைக்குக் கால் செதில் ஒட்டி வழவழப்பாக இருக்கும், கொண்டை சிறியதாக இருந்து அப்போதுதான் சிவக்கத் தொடங்கும். நகத்தைப் பார்க்காமல் யாரும் காசு கொடுக்காதீர்கள்.

பொள்ளாச்சி

நகம் பாக்கறது சரிங்க. ஆனா நாட்டுக்கோழி எப்பவும் மண்ணுலதான் கெடக்கும், அதுக்கு நகம் எதுவும் சொல்லாது. விரலை வெச்சுப் பாக்கோணும்.

ஒரே கொட்டாயில ரெண்டு சிறுவிடை நாட்டுக்கோழி. ஒண்ணு கொழுகொழுன்னு, இறகெல்லாம் மினுமினுன்னு. இன்னொண்ணு இறகு நைஞ்சு, வாலு பிஞ்சு பாக்கவே பாவமா இருந்துச்சு. வாங்க வந்தவங்க எல்லாரும் மொதல் கோழியத்தான் கேட்டாங்க. தூக்கி அடியில கை வெச்சா, அந்தக் கொழுத்த கோழிக்கு வால் பக்கத்து ரெண்டு எலும்புக்கும் நடுவுல ஒரு விரல்கூட சரியாப் போகலீங்க. இறகு நைஞ்சதுக்கு ரெண்டு விரல் தாராளமாப் போச்சு, அந்த எலும்புக்கும் நெஞ்செலும்பு முனைக்கும் நடுவுல நாலு விரல் அடங்குச்சு. முட்டை வர்ற வாய் ஈரமா, அகலமா, வெளுத்து இருந்துச்சு. தின்னதெல்லாம் முட்டையாப் போறதுனாலதான் இறகு அந்தக் கோலம். மினுமினுன்னு இருந்தது கொழுப்பு வெச்ச கோழி.

வால் பக்கத்து எலும்பு முனையையும் தொட்டுப் பாருங்க. மெல்லிசா வளையற மாதிரி இருந்தா நல்லது. தடிச்சு மொத்தையா இருந்தா அடியில கொழுப்புப் படிஞ்சிருக்கு.

சிவகாசி

மேலே ரெண்டு பேரும் ஒரு முக்கியமான அடையாளத்தை விட்டுட்டீங்க. மஞ்சள் நிறம்.

மஞ்சள் கால் கோழி முட்டை வைக்க ஆரம்பிச்சா, தீவனத்தில் வர்ற மஞ்சள் சத்து கருவுக்குப் போயிடும், உடம்பு வெளுக்க ஆரம்பிக்கும். முதலில் முட்டை வாய், அடுத்து கண்ணைச் சுற்றின வளையம், பிறகு காது மடல், அப்புறம் அலகு, கடைசியில் கால். அலகு அடியிலிருந்து நுனிக்கு வெளுக்கும். கால் முழுசா வெளுக்க நாலைந்து மாசம் ஆகும். முட்டை நின்னா அதே வரிசையில் மஞ்சள் திரும்பும். ஒரு கோழியின் அலகு அடிப்பக்கம் நல்ல மஞ்சளாகவும் நுனி வெளுப்பாகவும் இருந்தது. விற்றவர் "நேத்துகூட வச்சுச்சு" என்றார். அடி மஞ்சள் திரும்பியிருக்கு என்றால் முட்டை நின்று சில வாரம் ஆச்சு. அலகே மறைக்காமல் சொல்லிடுச்சு.

மேலூர்

சிவகாசி அன்பருக்கு: இந்த மஞ்சள் கணக்கைக் கருங்கோழியிடம் கொண்டு போகாதீங்க. கடக்நாத்துக்குக் காலும் அலகும் கருப்பு, எதுவும் வெளுக்காது. வெள்ளைக்கால் நாட்டுக்கோழிக்கும் பயன் இல்லை. மக்காச்சோளமோ கீரையோ கிடைக்காத கோழி, முட்டையே வைக்காமலும் வெளுத்துத்தான் இருக்கும். விரல் கணக்குத்தான் எல்லா இனத்துக்கும் பொது.

கருங்கோழி என்றதும் நினைவுக்கு வருவது, "முட்டையும் கருப்பாத்தான் இருக்கும்" என்று சொல்லி ஒருவரிடம் ஜோடி விற்ற காட்சி. முதல் முட்டை வெளிர் பழுப்பில் வந்ததும், மாற்றுக்கோழி கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் துடித்துப்போனார். கோழி அசல்தான், சொன்னதுதான் பொய். மத்தியப் பிரதேசம் ஜாபுவாப் பக்கத்து இனம் அது. தோல், சதை, எலும்பு கருப்பு, முட்டை ஓடு அல்ல. அதிகம் முட்டையிடும் இனமும் இல்லை. அடையும் சரியாக உட்காராது.

முட்டைதான் நோக்கம் என்றால் இனத்தை முதலில் முடிவு செய்யுங்கள். சிறுவிடை 12 முதல் 15 முட்டை வைத்ததும் அடைக்கு உட்காரும், வருடத்துக்கு 60 முதல் 80 தேறும். ஐதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கின கிராமப்பிரியா கொல்லையிலேயே 150-க்கு மேல் வைக்கும், பெரும்பாலும் அடை உட்காராது. அதே இடத்தில் வந்த வனராஜாவை முட்டைக்கு என்று வாங்கி ஏமாறுகிறவர்கள் அதிகம். அது கறிக்கும் முட்டைக்கும் பொதுவான கோழி. தீவனத்தைக் கொட்டி வளர்த்தால் கொழுத்துப் போய் முட்டை குறைந்துவிடும். குஞ்சு வேண்டும் என்றால் இரண்டு சிறுவிடையும் நாலு கிராமப்பிரியாவும் சேர்த்து வைத்து, கிராமப்பிரியா முட்டையைச் சிறுவிடைக்கு அடியில் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல். உண்பதற்கு மட்டும் முட்டை போதும் என்றால் சேவலே தேவையில்லை, பெட்டை தன்னால் முட்டையிடும்.

ராமநாதபுரம்

சேவல் இல்லாமல் முட்டையா? வைத்தாலும் அதில் சத்து இருக்காது என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள்.

மேலூர்

கடையில் வாங்குகிற பண்ணை முட்டை அத்தனையும் சேவல் இல்லாமல் வந்ததுதான். குஞ்சு பொரிக்காது, அவ்வளவே வித்தியாசம். அடை வைத்த ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். கரு கூடினதில் சிலந்திக்கால் மாதிரி ரத்த நரம்பு ஓடும், கூடாதது வெறும் வெளிச்சமாக இருக்கும்.

பட்டுக்கோட்டை

கழுத்து. அதுதான் மறக்கல.

பதினோரு கோழியும் நல்லா இருந்த கொல்லை. சந்தையிலேருந்து ஒரு பெட்டையைக் கொண்டாந்து அன்னிக்கு ராத்திரியே அதே பஞ்சாரத்துல விட்டாங்க. ஆறாம் நாள் காலையில ஒரு கோழி தலையை முதுகுக்குத் திருப்பி வானத்தைப் பாத்துக்கிட்டு சுத்துது. கீழே பச்சையும் வெள்ளையுமா கழிச்சல். அடுத்த பத்து நாளுக்குள்ள மிஞ்சுனது ரெண்டு.

இந்த நோய்க்குப் பேரு வெள்ளைக்கழிச்சல், வந்தபிறகு மருந்து இல்ல. வர்றதுக்கு முன்னாடிதான். குஞ்சுக்கு ஏழாம் நாள் தடுப்பு மருந்து கண்ணுலயோ மூக்குலயோ ஒரு சொட்டு, நாலாவது வாரம் லசோட்டாங்கற தடுப்பு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில ஊசி 0.5 மில்லி. பிப்ரவரியில கால்நடைத்துறை ரெண்டு வாரம் இதுக்குன்னே முகாம் போடுவாங்க, இலவசம். கால்நடைப் பல்கலைக்கழகத்துல ஊசி போடத் தெரியாதவங்களுக்காகத் தீவனத்தோட போடற குருணை மருந்தும் உண்டு.

தடுப்பு மருந்து கெட்டுப்போறதுக்குக் காரணம் பெரும்பாலும் வெயில்தான். உயிருள்ள மருந்து அது. பனிக்கட்டியோட எடுத்துட்டு வரணும், கரைச்சா ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். தண்ணியில கலக்குற வகைன்னா குழாய்த் தண்ணி கூடாது, குளோரின் மருந்தைக் கொன்னுடும். கிணத்துத் தண்ணியில கொஞ்சம் கொழுப்பில்லாத பால்பவுடர் கலந்துக்கிட்டா பத்திரம்.

புதுக்கோழியைக் குறைஞ்சது மூணு வாரம் தனியா வைங்க. பழைய கோழிக்குத் தீவனம் போட்டுட்டுக் கடைசியாத்தான் புதுசுகிட்ட போகணும்.

ராமநாதபுரம்

சின்ன வெங்காயம், சீரகம், கீழாநெல்லி, மிளகு, மஞ்சள் அரைத்துக் கொடுத்தால் கழிச்சல் நிற்குமே. நின்று பார்த்ததுண்டு.

பட்டுக்கோட்டை

கழிச்சல்ல பல வகை இருக்குங்க. குஞ்சுங்களுக்கு ஈரத்தரையால வர்ற ரத்தக்கழிச்சல் வேற, குடற்புழு வேற. வெங்காயம் கொடுங்க, வேண்டாங்கல. ஆனா அதை நம்பி ஊசியை விட்டுடாதீங்க. அந்தப் பதினோரு கோழிக்கும் உருண்டை பிடிச்சுக் கொடுத்துக்கிட்டேதான் இருந்தாங்க.

தாராபுரம்

யாரும் கேக்கலீன்னாலும் கூண்டு பத்தி சொல்லியே ஆகோணும், ஏன்னா மேல சொன்ன எல்லாத்தையும் சரியாச் செஞ்சும் ஒரே ராத்திரியில போற எடம் அதுதான்.

அறுகோணக் கண்ணு வெச்ச கோழிவலை கோழிய உள்ள வெக்கத்தான் ஒதவும், கீரிய வெளிய நிறுத்தாது. ஒரு கூண்டுல வலை கிழியவே இல்ல. அடியில மண்ணைத் தோண்டி உள்ள வந்து, நாலு கோழியோட கழுத்தை மட்டும் கடிச்சுப் போட்டுட்டுப் போயிருந்துச்சு. அரை அங்குலக் கண்ணு வெல்டு வலை வாங்குங்க. சுத்தியும் ஒரு அடி ஆழம் புதைங்க, இல்லீன்னா வலைய வெளிப்பக்கமா ஒன்றரை அடி தரையில விரிச்சு மேல கல்லு அடுக்குங்க. கதவுக்கு ரெண்டு கொக்கி.

உள்ள ஒரு கோழிக்கு மூணு சதுர அடி. உக்கார ரெண்டு அங்குல அகலச் சட்டம், மேல் முனைய மழுக்கிவிடுங்க. உருட்டுக் குழாய் வழுக்கும். தரையில நெல்லு உமி நாலு அங்குலம், வாரம் ஒருக்கா கிளறிவிடோணும். கையில அள்ளிப் புடிச்சா உருண்டை நிக்கக் கூடாது, நின்னா ஈரம் அதிகம், புதுசு போடுங்க. நாலஞ்சு கோழிக்கு ஒரு முட்டைப் பெட்டி, அடிக்கு அடி, வெளிச்சம் குறைஞ்ச மூலையில. பெட்டி சட்டத்தை விடக் கீழதான் இருக்கோணும். மேல இருந்தா ராத்திரி அதுல போய்ப் படுத்து எச்சம் போடும், முட்டையெல்லாம் அழுக்காகும்.

ராத்திரி ஒரு வெள்ளைத் துணிய சட்டத்துக்கு அடியில தேய்ச்சுப் பாருங்க. செவப்புக் கோடு விழுந்தா செள்ளு ரத்தம் குடிக்குது. பகல்ல கோழி மேல தேடினாக் கெடைக்காது, அது மரச் சந்துக்குள்ள இருக்கும். மருந்து கோழிக்கு மட்டும் போட்டுப் பிரயோசனம் இல்ல, சந்துக்கும் போடோணும். ஒரு மூலையில மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து கொட்டி வெச்சா அதுகளே பொரண்டு பேனைக் கொறைச்சுக்கும்.

மேலூர்

தோல்முட்டை பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. சித்திரை வெயிலில் ஒரு கோழி ஓடே இல்லாத முட்டையை நின்ற இடத்தில் போட்டுவிட்டு, அதைத் தானே கொத்திக் குடித்தது. முட்டை தின்னும் பழக்கம் தொடங்கின நொடியைக் கண்ணால் காண்பது அபூர்வம். நாலு நாளில் கூட வந்த இரண்டும் கற்றுக்கொண்டன.

ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. ஓடு உருவாக 20 மணி நேரம் பிடிக்கும், அதில் பெரும்பகுதி இரவு. அதனால் கிளிஞ்சலை மாலையில் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தூளாக வேண்டாம், குருணையாக. மெதுவாகக் கரைந்து இரவு முழுக்கக் கிடைக்கும். முட்டைக்கோழித் தீவனத்தில் ஏறத்தாழ 3.5 சதவீதம் சுண்ணாம்புச்சத்து இருக்கும், ஒரு கோழி நாளைக்கு 100 முதல் 120 கிராம் தின்னும். அதே தீவனத்தைக் குஞ்சுக்குப் போட்டால் சிறுநீரகம் கெடும். முட்டைக்கு வரும்வரை வளர்கோழித் தீவனம்தான்.

வெயில் காலத்தில் கிளிஞ்சல் வைத்தும் ஓடு மெலியும். வாயைத் திறந்து இரைக்க இரைக்க மூச்சில் கரியமில வாயு அதிகம் வெளியேறி, ஓட்டுக்கு வேண்டியது ரத்தத்தில் குறைந்துவிடுகிறது. தீவனத்தை விடியலிலும் பொழுது சாயவும் போடுங்கள், மண்பானைத் தண்ணீர் வையுங்கள், கூரை மேல் ஈரச்சாக்கு.

கொத்துகிற பழக்கத்துக்கு: பெட்டியில் இரண்டு மரமுட்டை, நாளைக்கு மூன்று முறை நல்ல முட்டையை எடுத்துவிடுவது, பெட்டியை இன்னும் இருட்டாக்குவது.

கும்பகோணம்

அடை தெளிய மூக்குத் துவாரத்தில் இறகு செருகிவிட்ட கோழி. மூன்று நாள் இரை எடுக்கவில்லை, மூச்சு விடும்போது இறகு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டம் நினைவை விட்டு அகலவில்லை. தயவு செய்து அதைச் செய்யாதீர்கள், தண்ணீரில் முக்கவும் வேண்டாம். அடிப்பக்கம் கம்பி வலையாக உள்ள கூண்டைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, வைக்கோல் எதுவும் போடாமல் மூன்று நான்கு நாள் விடுங்கள், தீவனமும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். அடிவயிற்றில் காற்றுப் பட்டுச் சூடு இறங்கினால் அடை கலைந்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப முட்டைக்கு வரும்.

சிவகாசி

ஐப்பசிக்கு மேல் முட்டை குறைஞ்சா நோய்னு பயப்படாதீங்க. இறகு உதிர்ந்து புதுசு முளைக்கிற காலம், பகலும் சுருங்கும். முட்டைக்கு 14 மணி நேர வெளிச்சம் வேணும், மார்கழியில் நமக்குக் கிடைக்கிறது பதினொன்றரைதான். விடியற்காலை 4 மணிக்கு எரியிற மாதிரி ஒரு சின்ன பல்பு போதும். சாயங்காலம் போட்டு பட்டுன்னு அணைச்சா, சட்டத்தில் ஏறாத கோழி இருட்டில் தரையிலேயே மாட்டிக்கும்.

கரூர்

முதல் பதிவில் சொன்ன அதே மாதிரி வெள்ளைக்கோழி மூன்றை வாங்கிவிட்டு அறுக்க மனமில்லாமல் வைத்திருக்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. நகம் விரலில் குத்துகிறது. வெட்டலாமா? இனி முட்டையே வைக்காதா?

திண்டுக்கல்

வெட்டலாம். வெள்ளை நகம்தான், பின்னால் டார்ச் பிடித்தால் உள்ளே ரத்தக்குழாய் சிவப்பாகத் தெரியும். அதற்கு முன்னால் அரைக்கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். ஒரே தடவையில் அளவுக்குக் கொண்டு வரப் பார்க்க வேண்டாம். பத்து நாளைக்கு ஒரு முறை கொஞ்சம் வெட்டினால் ரத்தக்குழாயும் பின்வாங்கும். ரத்தம் கசிந்தால் மஞ்சள் தூள் வைத்து ஒரு நிமிடம் அழுத்துங்கள்.

முதல் மாதம் உயரச் சட்டம் வேண்டாம். எலும்பில் சுண்ணாம்பு வற்றியிருக்கும், குதித்தால் கால் முறியும். தரையில் உமி கனமாகப் போட்டுக் கிளிஞ்சல் வையுங்கள். இறகு உதிர்ந்து முளைத்து முடிக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குப் பிறகு பல கோழிகள் திரும்ப முட்டைக்கு வரும், முன்னைவிட எண்ணிக்கை குறைவாக, அளவு பெரிதாக. அலகு வெட்டியிருப்பதால் தரையில் சிதறின தானியத்தைப் பொறுக்கத் தடுமாறும். ஆழமான கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள்.