பி.ஏ. வரலாறு: பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு படித்தவர் சேரலாமா, பட்டம் பெற என்னென்ன முடிக்க வேண்டும்?

பொதிகையடி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து எழுதுகிறேன். என் அக்காள் மகள் முதல் வகுப்பு முதலே அரசுப் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்து, இப்போது பிளஸ் டூவில் உயிரியல் பிரிவை நல்ல மதிப்பெண்களோடு முடித்திருக்கிறாள். செவிலியர் படிப்பில் சேருவாள் என்று வீட்டில் எல்லோரும் எண்ணியிருந்தோம். அவளோ பி.ஏ. வரலாறு தவிர வேறு எதற்கும் விண்ணப்பிக்க மாட்டேன் என்கிறாள். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை போன்ற அகழாய்வு நடந்த ஊர்களைப் பற்றிச் செய்தித்தாளில் எது வந்தாலும் வெட்டி ஒட்டி வைக்கும் பழக்கம் உள்ளவள் என்பதால், இது ஒரு வார ஆசை அன்று என்று எனக்குத் தெரியும்.

அவளுடைய விருப்பத்துக்கு நான் தடை சொல்லவில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் இந்தப் பாடத்தைப் படித்தவர் எவரும் இல்லை. பிளஸ் டூவில் வரலாறு படிக்காத பிள்ளைக்கு இடம் தருவார்களா? மூன்று ஆண்டுகளில் வரலாற்றுப் பாடங்கள் மட்டும்தானா, வேறு என்னென்ன முடித்தால் பட்டம் கிடைக்கும்? தமிழ்வழியில் சேர்ப்பதா, ஆங்கிலவழியில் சேர்ப்பதா? அத்தான் வேறொரு யோசனை சொல்கிறார்: செவிலியர் படிப்பில் சேர்த்துவிட்டு வரலாற்றை அஞ்சல்வழியில் படிக்க வைக்கலாம் என்பது. விவரம் அறிந்தவர்கள் சொன்னால் விண்ணப்பம் போடுவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேச உதவியாக இருக்கும்.

பாளைப் பேராசிரியர்

தம்பி, பாளையங்கோட்டையில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். முதல் கேள்விக்கு விடை எளிது. பிளஸ் டூவில் எந்தப் பிரிவில் தேர்ச்சி பெற்றிருந்தாலும் பி.ஏ. வரலாற்றில் சேரலாம். வரலாற்றை ஒரு பாடமாகப் படித்தவர்களுக்கு முன்னுரிமை தரும் கல்லூரிகள் உண்டு என்பது உண்மைதான், ஆனால் அறிவியல் பிரிவில் வந்த பிள்ளைகளை அதற்காக வாசலில் திருப்பி அனுப்புவதில்லை.

அரசுக் கல்லூரிகளுக்கு, ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி உட்பட, மாநிலம் முழுவதற்கும் பொதுவான இணையதளத்தில் ஒரே விண்ணப்பமாகப் போட வேண்டும். அங்கே தமிழ், ஆங்கிலம் நீங்கலாக மற்ற நான்கு பாடங்களின் மதிப்பெண்ணை 400க்குக் கூட்டித்தான் தரவரிசை தயாரிக்கிறார்கள். ஆகவே இயற்பியலிலும் வேதியியலிலும் அவள் எடுத்த மதிப்பெண்ணே வரலாற்று வகுப்பில் இடத்தை முடிவு செய்யும். அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கு அந்தந்தக் கல்லூரியில் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள்கள் ஒன்றுக்கொன்று வேறுபடும் என்பதால், ஒரே கல்லூரியை நம்பியிருக்க வேண்டாம்.

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. பட்டம் பெற ஆறு செமஸ்டர்களில் மொத்தம் 140 கிரெடிட் (ஒவ்வொரு தாளிலும் தேர்ச்சி பெற்றால் கிடைக்கும் புள்ளி) சேர்க்க வேண்டும். படிப்பு ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம். இவ்விரண்டும் முதல் நான்கு செமஸ்டர்களிலும் இருக்கும். மூன்றாம் பகுதியில்தான் முதன்மைப் பாடமான வரலாறும் அதைச் சார்ந்த விருப்பப் பாடங்களும் வருகின்றன. நான்காம் பகுதியில் திறன் வளர்ப்புத் தாள்கள், சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி ஆகியவை. ஐந்தாம் பகுதி நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு போன்ற விரிவாக்கப் பணி. இந்த ஐந்தாம் பகுதியைப் பிள்ளைகள் பொருட்படுத்துவதில்லை. அதுவும் முடித்தாக வேண்டிய ஒன்று என்பதை முதல் ஆண்டிலேயே சொல்லி வையுங்கள்.

ஒவ்வொரு தாளுக்கும் அகமதிப்பீட்டில் 25, செமஸ்டர் தேர்வில் 75 மதிப்பெண்கள். செமஸ்டர் தேர்வில் 75க்கு 30 எடுக்க வேண்டும், இரண்டையும் கூட்டி 40 வர வேண்டும். அகமதிப்பீட்டில் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாலும் தேர்வுத் தாளில் 30 இல்லையென்றால் அரியர்தான். வருகைப் பதிவு 75 விழுக்காடு தேவை.

வரலாற்றுத் தாள்களைப் பொறுத்தவரை, இந்திய வரலாறும் தமிழக வரலாறும் கால வரிசையில் செமஸ்டர்தோறும் தொடர்ந்து வரும். அவற்றோடு ஐரோப்பிய வரலாறு, விடுதலைப் போராட்டம், அரசியலமைப்பு, தொல்லியல், சுற்றுலா, வரலாற்றுவரைவியல் (வரலாறு எழுதப்படும் முறை பற்றிய தாள்) என்று கல்லூரிக்கேற்பச் சிறிது மாறுபட்டு அமையும். 2023-24 முதல் மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தைத் தழுவிப் பல்கலைக்கழகங்கள் தம் பாடத்திட்டத்தைத் திருத்தியிருக்கின்றன. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தாலும், தூய சவேரியார் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தையும் தேர்வையும் தாமே நடத்துகின்றன. பட்டத்தைப் பல்கலைக்கழகம் வழங்கும். எனவே சேர எண்ணும் கல்லூரியின் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி, தொல்லியலும் வரலாற்றுவரைவியலும் எந்தச் செமஸ்டரில் வருகின்றன என்று உங்கள் மருமகளையே பார்க்கச் சொல்லுங்கள். அவளுடைய ஆர்வம் ஆதிச்சநல்லூர் என்றால் அவளுக்குரிய தாள்கள் அவைதாம்.

வரலாற்றுவரைவியலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பலரும் அதைக் கடினமான தாள் என்று அஞ்சி, வினா-விடைக் கையேட்டை மனப்பாடம் செய்து கடந்துவிடுகிறார்கள். ஒரு சான்றை எப்படி எடைபோடுவது என்பதை இந்தப் படிப்பு முழுவதிலும் நேராகக் கற்றுத் தருவது அந்த ஒரு தாள்தான். 1876இல் ஜெர்மானியரான யாகோர் ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 தொடங்கி அலெக்சாண்டர் ரீ அங்கே அகழாய்வு செய்தார். 2004இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் தோண்டியது. ஒரே மேட்டைப் பற்றி மூன்று காலத்தவர் மூன்று விதமான பதிவுகளை விட்டுச் சென்றிருக்கிறார்கள். எதை எவ்வளவு நம்புவது, எது எந்த நோக்கத்தோடு எழுதப்பட்டது என்று கேட்கத் தெரியாதவருக்கு இந்தப் பட்டம் பெயரளவில்தான் பயன்படும்.

சேரன்மகாதேவி மாணவி

அண்ணாச்சி, நான் வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நானும் பிளஸ் டூவில் அறிவியல் பிரிவுதான். முதல் செமஸ்டரில் சற்றுத் திணறலாக இருக்கும். காரணம் பாடம் கடினம் என்பதன்று, பத்து மதிப்பெண் கேள்விக்குப் பக்கம் பக்கமாகக் கோவையாக எழுதும் பழக்கம் நமக்கு இருக்காது. கலைப் பிரிவிலிருந்து வந்தவர்களுக்கு அது கைவந்திருக்கும். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள சமூக அறிவியல் புத்தகங்களையும் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகங்களையும் இந்த விடுமுறையிலேயே வாசித்துவிட்டால் அந்தத் திணறல் பெரும்பாலும் நீங்கிவிடும்.

பேராசிரியர் ஐயா சொன்னவற்றோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் பாடத்திட்டத்தில் இரண்டாம் ஆண்டு முடிந்த விடுமுறையில் உள்ளிருப்புப் பயிற்சி ஒன்றும், ஐந்தாம் செமஸ்டரில் ஆய்வுத் திட்ட அறிக்கையும் அதற்கு வாய்மொழித் தேர்வும் உள்ளன. பயிற்சிக்கு எங்கே போவது என்பதை மாணவர்களே தேடிக்கொள்ளும்படி விடுகிற இடங்களும் உண்டு. கடைசி நேரத்தில் தேடினால் ஏதோ ஓர் அலுவலகத்தில் கையெழுத்து வாங்கி வரும் சடங்காகிவிடும். பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்கு முன்கூட்டியே துறைத்தலைவர் கடிதத்தோடு போய்க் கேட்பது நல்லது.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து தினமும் போய் வருவதாக இருந்தால் அம்பாசமுத்திரத்தில் ஏறும் திருநெல்வேலி ரயில் நேரத்தையும் கல்லூரி நேரத்தையும் முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். காலை முதல் வகுப்பு தவறிக்கொண்டே இருந்தால் 75 விழுக்காடு என்பது எளிதாகக் கை நழுவிவிடும்.

பட்டதாரி ஆசிரியர், நாங்குநேரி

அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். பயிற்றுமொழி பற்றியும் அஞ்சல்வழி பற்றியும் எவரும் இன்னும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளது. 2020இல் அது திருத்தப்பட்டு இறுக்கமாக்கப்பட்டது. இன்று பட்டம் தகுதியாகக் கேட்கப்படும் பணிக்கு அந்த முன்னுரிமையைக் கோருகிறவர், முதல் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியிலேயே படித்திருக்க வேண்டும். உங்கள் மருமகள் பன்னிரண்டு ஆண்டுகள் அப்படியே படித்து வந்திருக்கிறாள். ஆங்கிலவழி வகுப்பில் சேர்ந்தால், பட்டத்தைத் தகுதியாகக் கொண்ட பணிகளுக்கு அந்த உரிமை மூன்றே ஆண்டுகளில் போய்விடும். ஆங்கிலவழி என்று பதிவாகியுள்ள வகுப்பில் ஆசிரியர் தமிழில் நடத்துவதும், மாணவர் தேர்வைத் தமிழில் எழுதுவதும் பல இடங்களில் நடக்கிறது. அது கணக்கில் வராது, பயிற்றுமொழி தமிழ் என்று கல்லூரி சான்றளிக்க வேண்டும். எனவே சேர்க்கையின்போதே அந்த வகுப்பின் பயிற்றுமொழி எதுவென்று அலுவலகத்தில் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்.

ஆசிரியப் பணி எண்ணம் இருந்தால், பி.ஏ.க்குப் பின் இரண்டாண்டு பி.எட். படித்து ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சி பெற வேண்டும். பி.எட். சேர்க்கைக்குப் பட்டத்தில் பொதுப்பிரிவினர் 50, பிற்படுத்தப்பட்டோர் 45, மிகப் பிற்படுத்தப்பட்டோர் 43, பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் 40 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். வெறும் தேர்ச்சி மதிப்பெண்ணோடு பட்டத்தை முடித்த பிள்ளைகள் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். மேலும், சில கல்லூரிகள் வரலாற்றோடு சுற்றுலா போன்ற பெயர்களை இணைத்துப் பட்டம் நடத்துகின்றன. படிப்பு நன்றாகவே இருக்கலாம், ஆனால் பட்டத்தின் பெயர் சற்று மாறினாலும் அது பி.ஏ. வரலாற்றுக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா எனப் பணி நியமனத்தின்போது கேட்பார்கள். சேரும் முன்பே அதைப் பார்த்துவிட வேண்டும்.

அத்தானின் யோசனைக்கு வருகிறேன். ஒரே நேரத்தில் இரண்டு பட்டப் படிப்புகளைப் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வழி செய்திருப்பது உண்மை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துப் பணிக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். பிளஸ் டூ படிக்காமல் வாங்கிய திறந்தநிலைப் பட்டத்துக்கு மதிப்பில்லை என்ற பேச்சும், பிளஸ் டூ முடித்திருக்கும் இவளுக்குப் பொருந்தாது. ஆனால் செவிலியர் படிப்பு மருத்துவமனைப் பணியோடு நாள் முழுவதையும் கேட்பது. இந்தப் பிள்ளை விரும்புவதோ களத்துக்குப் போய்ப் பார்க்கும் வரலாறு. அஞ்சலில் வரும் பாடப் புத்தகம் அதைத் தராது. இரண்டையும் அரைகுறையாகச் செய்ய வைப்பதைவிட ஒன்றை முழுதாகப் படிக்க விடுவதே சரி என்பது என் கருத்து.

பொதிகையடி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பயிற்றுமொழி பற்றிய செய்தி எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. அத்தானிடம் இதைக் காட்டினேன், அஞ்சல்வழி யோசனையை விட்டுவிட்டார். இன்னும் ஓர் ஐயம் மட்டும் இருக்கிறது. தமிழ்வழியிலேயே படித்தால் பிற்காலத்தில் தொல்லியல் துறைக்குப் போவதற்கு ஆங்கிலம் தடையாக நிற்குமா? பி.ஏ. முடித்தவுடன் அந்தத் துறையில் சேர முடியுமா?

பாளைப் பேராசிரியர்

பி.ஏ. மட்டும் போதாது, தம்பி. தொல்லியல் அலுவலர் நிலைக்கு முதுகலைப் பட்டமும், அதற்கு மேல் தொல்லியலில் பட்டயமும் வேண்டியிருக்கும். இந்தியத் தொல்லியல் துறையின் பயிற்சி நிறுவனத்திலும் முதுகலை முடித்தவர்களையே பட்டயப் படிப்புக்கு எடுக்கிறார்கள். 2020இல் அந்தப் படிப்பின் சேர்க்கை அறிவிப்பில், தகுதிப் பட்டியலில் தமிழ் விடுபட்டுப் போய், இங்கே எதிர்ப்பு எழுந்த பின் சேர்க்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். ஆகவே ஐந்தாண்டுப் படிப்பு, அதன்பின் பட்டயம் என்று கணக்கிட்டுக்கொண்டு வீட்டில் பேசுங்கள்.

ஆங்கிலம் கட்டாயம் வேண்டும். நம் மாவட்டத்தைப் பற்றிக் கால்டுவெல் 1881இல் எழுதிய வரலாறும், கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட 1799ஆம் ஆண்டின் கிழக்கிந்தியக் கும்பினி ஆவணங்களும், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள ஆட்சியர் கடிதங்களும், அகழாய்வு அறிக்கைகளில் பெரும்பகுதியும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தமிழ்வழியில் பதிவு செய்துகொண்டு, இரண்டாம் பகுதி ஆங்கிலத்தைத் தேர்ச்சிக்கான தாளாக நினைக்காமல் நான்கு செமஸ்டர்களிலும் உண்மையாகப் படித்தால் இரண்டு தேவையும் நிறைவேறும். நூலகத்தில் வாரம் ஓர் ஆங்கிலக் கட்டுரையை அகராதியோடு உட்கார்ந்து படிப்பது போதும். இரண்டாம் ஆண்டுக்குள் கை வந்துவிடும்.

அவள் ஊருக்கு வேறொரு வாய்ப்பும் இருக்கிறது. அம்பாசமுத்திரம் பகுதியில் வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் பாண்டியர் கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. திருவாலீசுவரம் கோயிலில் மூன்றுகை மகாசேனை என்ற படையைக் குறிக்கும் கல்வெட்டு உண்டு. மன்னார்கோவிலில் இராசேந்திர சோழன் காலத்தில் சேர மன்னன் எடுத்த விண்ணகரம் (பெருமாள் கோயில்) நிற்கிறது. இவையெல்லாம் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பேருந்தில் போய் வரும் தூரம்தான். இப்பகுதியின் பாண்டியர் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 14ஆம் தொகுதியில் அச்சாகியிருக்கின்றன. ஐந்தாம் செமஸ்டர் ஆய்வுத் திட்டத்துக்கு இந்தக் கோயில்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அச்சில் உள்ள வாசகத்தைக் கல்லில் இன்று தெரியும் வரிகளோடு ஒப்பிட்டு, அழிந்தவை எவை, சுண்ணாம்பு பூசி மறைந்தவை எவை என்று குறித்தாலே அது செய்யத் தகுந்த ஆய்வாக இருக்கும். கோயில் அலுவலகத்தில் முன் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும். வட்டெழுத்தை வாசிக்கப் பழகுவதற்கு ஐந்தாம் செமஸ்டர் வரை காத்திருக்க வேண்டாம், எழுத்து அட்டவணை ஒன்றை வாங்கி இந்த விடுமுறையிலேயே தொடங்கச் சொல்லுங்கள்.