கோயில் மண்டபத்தில் 'அந்த நாள்' போட்டால் ஜனங்கள் உட்காருவார்களா?

சிப்புட்வாசி:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை இரவு சிவாஜியின் 'அந்த நாள்' (1954) போடலாமா என்று பேச்சு நடக்கிறது. எண்பது பேர் வரலாம். பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள், மற்றவர்கள் ஐந்தாம் படிவம் முடித்த, பதினேழு வயசுப் பிள்ளைகள். பாட்டே இல்லாத படம், பொறுமையாகப் பார்ப்பார்களா? டிவியில் பார்த்தால் முகமெல்லாம் சப்பையாகவும் இருட்டுக் காட்சிகள் சாம்பலாகவும் தெரிகின்றன. படமே அப்படித்தானா? மண்டபத்துக்குத் தகரக் கூரை, சிமெண்டுத் தரை, இரண்டு பக்கமும் ஜன்னல். திரை 10 அடி அகலம், புரொஜெக்டர் இரவல்.

நிழலாட்டம்:
தாராளமாகப் போடுங்கள். பாட்டு இல்லையே என்று யோசிக்க இந்தப் படம் நேரம் தராது. எடுத்த எடுப்பில் துப்பாக்கி வெடிக்கிறது, கதாநாயகன் ராஜனே செத்து விழுகிறான். சிவாஜியை அப்படி ஆரம்பத்திலேயே கொன்றுவிட்டுக் கதை சொல்ல 1954இல் இயக்குநர் எஸ். பாலசந்தருக்கும் ஏவி.எம்.முக்கும் எவ்வளவு துணிச்சல் இருந்திருக்க வேண்டும்! அப்புறம் விசாரணை. பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளை, தம்பி பட்டாபி, அவன் மனைவி ஹேமா, ஆட்டக்காரி அம்புஜம் என்று ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். விசாரிக்கும் சி.ஐ.டி. ஜாவர் சீதாராமன், வசனமும் அவருடையதுதான்.

'ராஷோமோன்' (ஒரே கொலையை ஆளுக்கு ஆள் வேறு விதமாகச் சொல்லும் குரோசவாவின் ஜப்பானியப் படம்) காப்பி என்று பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. குரோசவா படத்தில் உண்மை கடைசிவரை கைக்குச் சிக்காது. இதில் ஒவ்வொரு வாக்குமூலமும் ஒரு காரணத்தைத் தருகிறது, கடைசியில் விடை கிடைத்துவிடுகிறது. இது கச்சிதமான துப்பறியும் கதை. சொல்பவர் மாற மாற ராஜனும் ஆள் மாறுகிறான், ஒருவர் வாயில் கல்நெஞ்சன், இன்னொருவர் வாயில் சபலக்காரன். சிவாஜியின் கண்ணையும் உதட்டோரத்தையும் கவனியுங்கள், கணக்குப் பார்த்து நடித்திருக்கிறார். ராஜனின் மனைவி உஷாவாக வரும் பண்டரிபாயின் தேசபக்திப் பேச்சுதான் கொஞ்சம் நீளம். அங்கே பிள்ளைகள் கைபேசியை எடுப்பார்கள், விட்டுவிடுங்கள்.

ரீல்பெட்டி:
சப்பை முகத்துக்குப் படம் காரணம் இல்லை. அந்தக் காலத்துச் சட்டகத்தில் அகலத்துக்கும் உயரத்துக்கும் விகிதம் 1.37க்கு 1, கிட்டத்தட்ட 4:3. அதை இன்றைய டிவியின் 16:9க்கு இழுத்தால் முகம் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். 'ஜூம்' போட்டால் உயரத்தில் கால்வாசி வெட்டுப்படும், தலையும் காணாமல் போகும். ஆகவே புரொஜெக்டரில் 4:3 வையுங்கள். உங்கள் 10 அடித் திரையில் படம் ஏழரை அடி அகலத்துக்கு வரும், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். "திரை வீணாகுதே" என்று ஒருவர் எழுந்து வருவார், ரிமோட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

சாம்பலுக்கு இரண்டு காரணம். முதலாவது 'டைனமிக்' மோடு. அதை எடுத்துவிட்டு 'சினிமா' போடுங்கள். கலர் 0, ஷார்ப்னஸ் 0 (இருந்தால் தலையைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடும்), நிறவெப்பம் (வெள்ளையின் சாயல்) 6500 கெல்வின். தானியங்கி ஐரிஸை அணைக்காவிட்டால் காட்சிக்குக் காட்சி வெளிச்சம் ஏறி இறங்கும். பிரைட்னஸைக் கடைசியில் தொடுங்கள்: ஓர் இருட்டுக் காட்சியை நிறுத்தி வைத்து, கறுப்புக் கோட்டின் மடிப்பு மறையும்வரை குறைத்து, பிறகு ஒரு புள்ளி ஏற்றினால் போதும். நிறச் சுழல்வட்டு வைத்த டிஎல்பி வகைப் புரொஜெக்டர் என்றால் கறுப்பும் வெள்ளையும் சந்திக்கிற விளிம்பில் வானவில் தெறிப்பதாகச் சிலர் சொல்வார்கள். மூன்று எல்சிடி தகடு வைத்த வகை கிடைத்தால் அதையே இரவல் வாங்குங்கள்.

இரண்டாவது காரணம் மண்டபம். புரொஜெக்டர் கறுப்பைப் பாய்ச்ச முடியாது, வெளிச்சம் விழாத இடம்தான் கறுப்பு. வாசல் டியூப் லைட் ஒன்று எரிந்தாலே மாருதி ராவ் ஒளிப்பதிவில் போட்ட இருட்டு அத்தனையும் வெளுத்துவிடும். திரைப் பக்கத்து ஜன்னல்களைக் கறுப்பு பிளாஸ்டிக்கால் இரண்டு மடிப்பாக மூடுங்கள். பின்பக்கத்து ஜன்னல்களை விட்டுவிடுங்கள், எண்பது பேருக்குக் காற்று வேண்டும். அவசர வாசல் விளக்கில் கை வைக்க வேண்டாம். நம் ஊரில் ஏழேகாலுக்கு மேல்தான் இருட்டும், எட்டரைக்குத் தொடங்குங்கள். படம் ஏறக்குறைய 2 மணி 10 நிமிடம்.

சத்தம்தான் பெரிய தலைவலி. இந்தப் படத்தில் வசனம் காதில் விழாவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. கோயில் ஆம்ப்ளிஃபயரில் பஜனைக்கு வைத்த 'எக்கோ' அப்படியே இருக்கும், முதலில் அதைப் பூஜ்ஜியமாக்குங்கள். ஒலி மோனோ, திரைக்குக் கீழே ஒரே ஸ்பீக்கர் போதும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 8,000க்கு மேலும் குறைத்தால் உறுமலும் இரைச்சலும் அடங்கும். தரையில் பாய் விரியுங்கள், எதிரொலி கொஞ்சம் குறையும். தகரத்தில் மழை அடித்தால் வழியே இல்லை, நவம்பரில் மட்டும் வைக்காதீர்கள்.

பால்மரம்:
(முடிவு தெரிய வேண்டாதவர்கள் இதைத் தாண்டிவிடுங்கள்.)
நிழலாட்டம் நீளம் என்று சொன்ன அந்தப் பேச்சுதான் நம் ஊரில் எடுபடும். கதைக்குப் பின்னணி 1943 அக்டோபர் 11, சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த இரவு. ராஜன் ரேடியோ பொறியாளர். மலிவு ரேடியோ செய்யும் திட்டத்தை இங்கே யாரும் மதிக்கவில்லை என்ற கசப்பில் ஜப்பானுக்கு உளவாளியாகிறான். அதற்குச் சரியாகப் பத்தே நாள் கழித்து, அக்டோபர் 21, சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில் நேதாஜி சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். நம் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் அவருடைய இந்திய தேசிய ராணுவத்துக்குப் போனார்கள். அதே ஜப்பான்காரன்தான் நம் ஆட்களைச் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்கும் பிடித்துக்கொண்டு போனான். ஜப்பானோடு கைகோத்தவன் துரோகி என்று 1954இல் இந்தியாவில் சொல்வது சுலபம். நேதாஜி படம் மாட்டிய வீட்டிலிருந்து வருகிற பெரியவர் ராஜனை அவ்வளவு சீக்கிரம் வெறுப்பாரா? எனக்குச் சந்தேகம்தான்.

சிப்புட்வாசி:
அப்படியானால் படத்துக்கு முன்னால் இதைச் சொல்லிவிடலாமா? இடைவேளை எங்கே விடுவது?

பால்மரம்:
முன்னால் தேதியை மட்டும் சொல்லுங்கள். உளவு விஷயத்தை வாய் தவறிக்கூட விடாதீர்கள், படம் அங்கேயே செத்துவிடும். மற்றப் பேச்செல்லாம் படம் முடிந்த பிறகு, தேநீரோடு.

ரீல்பெட்டி:
இரண்டு வாக்குமூலங்களுக்கு நடுவில் இடைவேளை விடுங்கள். ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது நிறுத்தினால் திரும்பி வருகிறவர்களுக்கு யார் சொன்ன கதை என்றே மறந்துவிடும். பத்து நிமிடம் போதும். புரொஜெக்டரை அணைக்காதீர்கள், விளக்குச் சூடு ஆறாமல் சிலது மறுபடி எரியாது. படத்தை நிறுத்திவிட்டு ரிமோட்டில் 'பிளாங்க்' அழுத்தித் திரையை இருட்டாக்குங்கள், லென்ஸை மட்டும் மூடாதீர்கள், சூட்டில் மூடி உருகிவிடும்.