ரீஸ்டெனோசிஸ்: தமிழில் என்ன?

நண்பர்களே, இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (வழியைத் திறந்து வைக்கும் உலோக வலைக்குழாய்) வைத்துக்கொண்டவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ரீஸ்டெனோசிஸ்' ஒன்றில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். 'மறுஅடைப்பு' சரிதானா?
– செ.

அடைப்பு வேண்டாம். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து திடீரென்று மூடிக்கொள்கிறதே, அதுதான் அடைப்பு. நீங்கள் கேட்பது, காயம்பட்ட குழாய்ச்சுவர் ஆறும்போது தசைச்செல்கள் பெருகி, மாதக்கணக்கில் உள்வழி சிறுத்துப்போவது. 1977இல் மருத்துவர் குருன்ட்சிக் தொடங்கிய, குழாய்க்குள் பலூனை ஊதி வழியை விரிக்கும் வெறும் பலூன் சிகிச்சையில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் இது வந்தது. 1986இல் வந்த ஸ்டென்ட் இதைக் குறைத்தது, ஒழிக்கவில்லை. அதற்குத்தான் பிறகு, செல் பெருகுவதைத் தடுக்கும் சிரோலிமஸ் மருந்தை ஸ்டென்டின் மேல் பூசினார்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தருவது மாத்திரை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், 'மருந்துதான் பூசியாச்சே, மாத்திரை எதற்கு?' என்று நிறுத்திவிடுவார்கள். 'மீள்குறுக்கம்' என்பேன்.
– மரு. ந.

மீட்குறுக்கம் அல்லவா? ஐகாரம் குறுகினால் மாத்திரை குறையும். இங்கே குறுகினால் மாத்திரை கூடுகிறது! நிற்க. ஸ்டென்ட் என்பதே நம் 'தண்டு'தான். எட்டுப் பக்கக் கட்டுரை இணைத்திருக்கிறேன்.
– கு.

ஐயா, அது சார்லஸ் ஸ்டென்ட் என்ற 19ஆம் நூற்றாண்டு லண்டன் பல் மருத்துவரின் பெயர். பல் அச்சு எடுக்க அவர் செய்த கலவையிலிருந்து சுற்றி வந்த சொல். மீள்குறுக்கம் வினைத்தொகை, கொள்கலம் கொட்கலம் ஆகாதது போல இதுவும் திரியாது.
– இ.

என் அப்பா ஸ்டென்ட் வைத்தவர். 'உள்ளே பேனா ஸ்பிரிங் மாதிரி ஒன்று கிடக்கு' என்பார். மீள்குறுக்கம் என்று படித்துக் காட்டினேன். 'என்ன, குறுக்குவலியா?' என்றார். 'மறுபடி சுருங்குதல்' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?
– வா.

குழாய் தானாகச் சுருங்குவதும் உண்டும்மா. அதை உலோகம் தாங்கிக்கொள்ளும். உள்ளே வளர்வதைத்தான் அதனால் தடுக்க முடியாது.
– மரு. ந.

சரி, மூவர் மீள்குறுக்கத்தின் பக்கம். அதைத் தலைப்பாக்கி, கீழே 'ஸ்டென்டுக்குள் சதை வளர்ந்து வழி குறுகுதல்' என்று விளக்கம் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஸ்டென்ட், ஸ்டென்டாகவே இருக்கிறது.
– செ.

அப்பாவுக்குக் கீழே இருப்பது புரிந்தது. தலைப்பு இன்னும் குறுக்குவலிதான்.
– வா.

கிரந்த எழுத்தோடா அச்சேறுகிறது? என் வாக்கு தண்டுக்கே. கட்டுரையின் இரண்டாம் பகுதி நாளை வரும்.
– கு.