“குழாயடிச் சண்டை”: பெண் அரசியல்வாதிகள் பற்றிய செய்திகளில் இன்னும் உறுத்திக்கொண்டிருப்பது எது?

(இந்தக் கேள்விக்கு இணையத்தில் வந்த பதில்கள். ஒவ்வொரு பதிலுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

மூணாம் பக்கம்

மாநகராட்சிக் கூட்டச் செய்தி, ஒற்றைப் பத்தி அகலம். குடிநீர் லாரி எந்த வார்டுக்கு எத்தனை நடை என்று இரண்டு பெண் கவுன்சிலர்கள் மோதிக்கொள்கிறார்கள். தலைப்பு: ‘மன்றத்தில் குழாயடிச் சண்டை’. அதே பக்கத்தின் அடியில், ஒன்றியக் குழுக் கூட்டத்தில் ஆண் உறுப்பினர்கள் மைக்கைப் பிடுங்கி எறிந்த செய்தி. அதற்கு ‘காரசார விவாதம்’. மைக் பறந்தது விவாதமாம், வாய் பேசியது சண்டையாம்.

நிருபரைத் திட்டிப் பயனில்லை. ஊரிலிருந்து ஸ்ட்ரிங்கர் (பகுதிநேர நிருபர்) அனுப்புவது ஏழெட்டு வரிதான். தலைப்பு வைப்பது டெஸ்க், அலுவலகத்தில் செய்தியைத் திருத்தும் பிரிவு. மாவட்டப் பதிப்பு மூடுகிற நேரத்தில் ஒரு சப்-எடிட்டர் முன்னால் வரிசையாகச் செய்திகள் காத்துக்கிடக்கும். கை தானாக எந்தச் சொல்லுக்குப் போகிறதோ அதுதான் தலைப்பு. ‘இடம் பத்தல’ என்பார்கள். எண்ணிப் பாருங்கள்: குழாயடிச் சண்டை எட்டெழுத்து, காரசார விவாதமும் எட்டெழுத்து. வாக்குவாதம் ஆறே எழுத்து, இன்னும் இடம் மிச்சம்.

வினைச்சொற்களையும் கவனியுங்கள். ஆண் உறுப்பினர் ‘ஆவேசம்’ அடைவார், ‘கொந்தளிப்பார்’. பெண் உறுப்பினர் ‘ஆத்திரப்படுவார்’, ‘கண்ணீர் மல்க’க் கோரிக்கை வைப்பார், கொஞ்சம் குரல் உயர்ந்தால் ‘கதறல்’. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று 2016-லேயே தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியாயிற்று. 2022-ல் 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவிகள் பெண்களுக்குப் போயின. டெஸ்கின் சொல்லகராதி மட்டும் அந்தக் காலத்திலேயே நிற்கிறது.

தம்ப்நெயில் தம்பி

மாண்டஸ் புயல், டிசம்பர் 2022. காசிமேட்டுல முதல்வர் கான்வாய் வண்டியில சென்னை மேயர் பிரியா தொத்திக்கிட்டுப் போன வீடியோ. எல்லாரும் பார்த்ததுதான். ஃபுல் ஃப்ரேம்ல மாநகராட்சி ஆணையரும் தொத்திக்கிட்டுத்தான் போறாரு. உங்க ஞாபகத்துல அவர் இருக்காரா? அவ்ளோதான் விஷயம். மேயரை ஏன் அப்படிப் போக வச்சாங்கன்னு கேள்வி கேட்கலாம், கேட்கணும். ஆனா ரெண்டு பேருக்கும் சேர்த்து கேட்ட கேள்வி ரொம்பக் கம்மி.

யூடியூப் வீடியோவுக்கு முகப்புல வைக்கிற படம் இருக்கே, அந்தத் தம்ப்நெயில் எப்படித் தயாராகுதுன்னு சொல்றேன், அப்புறம் யாரைத் திட்டணும்னு முடிவு பண்ணுங்க. செகண்டுக்கு 25 ஃப்ரேம். பத்து நிமிஷப் பேச்சுன்னா 15,000 படம். அதுல ஒண்ணு எடுக்கணும். எடிட்டர் பேச்சைக் கேட்க மாட்டார், நேரமில்ல. டைம்லைன்ல சவுண்டு எங்க உச்சத்துல இருக்கோ அங்க போய் நிறுத்துவார். சவுண்டு உச்சம்னா வாய் ‘ஆ’ன்னு திறந்திருக்கும், கழுத்து நரம்பு தெரியும், கை மேல இருக்கும். அதை வெட்டி, 1280-க்கு 720-ல ஒட்டி, சிவப்பு வட்டம், மஞ்ச எழுத்து, ‘வெளுத்து வாங்கிய’ன்னு ஒரு வரி. முடிஞ்சது.

‘ஆம்பளைத் தலைவருக்கும் அதானே’ன்னு கேட்பீங்க. இல்ல. அவங்களுக்கெல்லாம் ஏற்கனவே பின்னணி வெட்டின பி.என்.ஜி. படம் ஃபோல்டர்ல இருக்கும். கும்பிடுற மாதிரி ஒண்ணு, விரல் நீட்டுற மாதிரி ஒண்ணு, சிரிக்கிற மாதிரி ஒண்ணு. இழுத்துப் போட்டா வேலை முடிஞ்சது. பெண் தலைவர்கள்ல மேல்மட்டத்துல இருக்கிற ரெண்டு மூணு பேருக்குத்தான் அந்த ஃபோல்டர். மத்தவங்க எல்லாருக்கும் வீடியோவுல இருந்துதான் பிடுங்கணும். பிடுங்கினா வாய் திறந்த படம்தான் வரும்.

சரிபண்ண ரெண்டு வழி. ஒண்ணு, ஆளுக்கு நாலஞ்சு படம் முன்கூட்டியே வெட்டி வைக்கிறது. இன்னொண்ணு, உச்சத்துல நிறுத்தின இடத்துல இருந்து நாலஞ்சு ஃப்ரேம் முன்ன பின்ன நகர்த்துறது. ‘ம்’, ‘ப்’ வர்ற இடத்துல உதடு மூடிடும், முகம் மனுஷ முகமா இருக்கும். இதுக்கு அஞ்சு செகண்டு கூட ஆகாது.

வாய்தா

ஜெயலலிதாவின் சொத்துக் குவிப்பு வழக்கு. 1996 சோதனையில் எத்தனை சேலை என்று கேளுங்கள். தெருவில் போகிறவர் சொல்வார், 10,500. செருப்பு? 750 ஜோடி. சரி, வழக்கில் எத்தனை நிறுவனங்கள் சொல்லப்பட்டன? 32. வருமானத்துக்கு மிஞ்சியதாக அரசுத் தரப்பு சொன்ன தொகை? 66.65 கோடி. கணக்கில் எடுத்த காலம்? 1991 ஜூலை முதல் 1996 ஏப்ரல் வரை. இவற்றில் ஒன்றையாவது புரட்டிப் பார்க்காமல் சொல்கிறவர் அபூர்வம்.

எனக்கு உறுத்துவது 11.5.2015. கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்த நாள். தீர்ப்பில் பத்துக் கடன்களைப் பட்டியலிட்டு, கூட்டுத்தொகை 24.17 கோடி என்று போட்டிருந்தது. கூட்டினால் 10.67 கோடிதான் வரும். பதின்மூன்றரைக் கோடி வித்தியாசம். அந்த வித்தியாசத்தால்தான் மிகைச்சொத்து 8.12 சதவீதம் என்று, விடுதலைக்கு வழிவிடும் பத்து சதவீத வரம்புக்குக் கீழே இறங்கியது. அரசு வழக்கறிஞர் ஆச்சார்யா சுட்டிக்காட்டியதும் செய்தி வந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஊர்ப் பேச்சாகவில்லை. சேலை எண்ணிக்கை 20 வருஷம் தாண்டியும் பேச்சில் இருக்கிறது, கூட்டல் பிழை ஒரு வாரம் நிற்கவில்லை. 14.2.2017-ல் உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பை மீண்டும் உறுதிசெய்தபோதும் தொலைக்காட்சிகளில் பழைய பெட்டிகளும் அலமாரிகளும்தான் ஓடின.

பெண் என்பதால் அவரை அதிகமாகத் தாக்கினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. என் புகார் வேறு. ஊழல் வழக்கைச் ‘சேலை ஆசை’யாகச் சுருக்கியதில், பணம் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது, நிலம் யார் பெயரில் வாங்கப்பட்டது என்ற கேள்விகள் மங்கிப்போயின. சுருக்கமாக, அவருக்கு அது சலுகை.

நடுசென்டர்

வாய்தா சார், சேலை மகஜர்ல, அதாவது சோதனையில எடுத்ததைப் பட்டியல் போட்ட ஆவணத்துல இருக்கு. நீதிமன்ற ஆவணத்துல இருக்கிறதை எழுதினா அது எப்படிப் பாலினப் பாகுபாடு? ‘நடிகை குஷ்பு’ன்னு போடுறாங்கன்னு அடுத்து யாராவது வருவீங்க. ‘நடிகர் சரத்குமார்’னும்தான் போடுறாங்க, ‘நடிகர் கமல்’னும் போடுறாங்க.

அமெரிக்காவுல ஹேய்ஸ், லாலெஸ்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2010 பிரதிநிதிகள் சபைத் தேர்தல் பத்திரிகைச் செய்திகளை எடுத்து எண்ணினாங்க. ஆண் வேட்பாளருக்கும் பெண் வேட்பாளருக்கும் செய்தியோட அளவுலயும் உள்ளடக்கத்துலயும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. உறுத்துன ஒரு தலைப்பை வச்சுக்கிட்டு மொத்த ஊடகத்தையும் கட்டி அடிக்கிறது நியாயமில்ல.

வாய்தா

சேலையை எழுதக்கூடாது என்று எங்கே சொன்னேன்? மகஜரில் எல்லாம் இருக்கிறது. எதை எடுத்துத் தலைப்பாக்குகிறோம் என்பதுதான் விஷயம். நீங்கள் பாதி ஆய்வைச் சொன்னதால் மீதியும்: 2013-ல் அங்கேயே 1,500 வாக்காளர்களிடம் இரண்டு கற்பனை வேட்பாளர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. பெண் வேட்பாளரின் தோற்றத்தைப் பற்றி எழுதினால், பாராட்டி எழுதினாலும் அவருக்கு ஆதரவு குறைந்தது.

நடுசென்டர்

அதுக்கு அடுத்த வருஷமே ஹேய்ஸ் குழு சோதிச்சுப் பார்த்து, தோற்றத்தைக் குறை சொல்லி எழுதினா ஆண் வேட்பாளரையும் அதே அளவு பாதிக்குதுன்னு சொல்லிட்டாங்களே.

வாய்தா

சொன்னார்கள். சரி, தோற்றம் பற்றி யாரைக் குறித்து எழுதுகிறோம் என்று நம்மூர் நாளிதழ் ஒரு வாரத்தை எண்ணிவிட்டு வாருங்கள், பேசுவோம்.

ஃபில்டர் காபி

சண்டைக்கு நடுவில் ஒன்று. ஜூலை 2011, டெல்லி. ஹினா ரப்பானி கார் வருகிறார். 33 வயது, பாகிஸ்தானின் முதல் பெண் வெளியுறவு அமைச்சர். மறுநாள் பத்திரிகைகளில் என்ன? கைப்பை என்ன பிராண்டு, கறுப்புக் கண்ணாடி என்ன பிராண்டு, முத்துமாலை எத்தனை சரம். அந்தப் பேச்சுவார்த்தையில் முடிவானது: காஷ்மீர் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டிய வணிகம் வாரத்துக்கு இரண்டு நாளிலிருந்து நான்கு நாளாகும். இரண்டு பக்கத்து வியாபாரிகளுக்கும் வேலைநாள் இரட்டிப்பு. அந்த வரி கைப்பைக்குக் கீழே எங்கோ கிடந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த எஸ்.எம்.கிருஷ்ணாவுக்கு 79 வயது, கச்சிதமாகக் கோட்டு போடுகிறவர். அதை எங்கே தைத்தார் என்று படித்த நினைவில்லை.

அதேபோல ஆக்லாந்து, நவம்பர் 2022. நியூசிலாந்துப் பிரதமர் ஆர்டெர்னும் ஃபின்லாந்துப் பிரதமர் மரினும் சேர்ந்து நிற்கிறார்கள். கிட்டத்தட்ட ஒரே வயது என்பதால்தான் சந்தித்தீர்களா என்று ஒரு நிருபர் கேட்கிறார். ஒபாமாவும் முன்னாள் நியூசிலாந்துப் பிரதமர் ஜான் கீயும் சந்தித்தபோது யாராவது அப்படிக் கேட்டிருப்பார்களா என்று ஆர்டெர்ன் திருப்பிக் கேட்டார். அந்த இருவருக்கும் ஒரே ஆகஸ்ட், 1961.

‘ஆணிடம் இதைக் கேட்பாயா’ என்ற சோதனையை எல்லாரும் சொல்வார்கள். நல்ல சோதனைதான், ஆனால் ஒரு இடத்தில் காலை வாரும். பஞ்சாயத்துத் தலைவியிடம் ‘உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்’ என்று கேட்பது கேவலம். அதற்காகக் கணவரைப் பற்றியே எழுதக்கூடாது என்று ஒதுங்கினால், அவர் நாற்காலியில் உட்கார்ந்து காசோலையில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருப்பதும் செய்தியாகாமல் போய்விடும். அதைத் தலைவியிடம் கேட்கக்கூடாது, கணவரிடமும் ஊராட்சிச் செயலரிடமும் கேட்க வேண்டும்: எந்த விதியின்படி கூட்டத்தில் உட்கார்ந்தீர்கள் என்று. பல நிருபர்களின் கைப்பேசியில் ‘தலைவர்’ என்று பதிந்திருக்கும் எண்ணே கணவருடையது. அழைத்தால் அவர்தான் எடுப்பார், அவர் சொன்னதைத் தலைவி சொன்னதாகப் போட்டுவிடுவார்கள். எண்ணை மாற்றாமல் மொழியை மட்டும் திருத்தி என்ன பயன்?

கணக்கு வாத்தியார்

மே 2020, ஊரடங்கு நேரம். தொலைக்காட்சி விவாதத்தில் கரூர் எம்.பி. ஜோதிமணியைப் பற்றி பா.ஜ.க. பிரமுகர் ஒருவர் இழிவாகப் பேச, ஜோதிமணி விவாதத்தை விட்டு வெளியேறினார். வேறு ஊரில் உட்கார்ந்து பேசும் விருந்தினரின் ஒலி தனிச் சேனலில் வரும். கட்டுப்பாட்டு அறையில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஒரு ஃபேடரை இறக்கினால் அடுத்த வார்த்தை ஒளிபரப்பாகாது. நெறியாளர் சொன்னால் ஒரு நொடி வேலை. மறுநாள் அந்த வரியையே மறுபடி மறுபடி ஓட்டினார்கள். விவாதத்தின் தலைப்பு என்ன என்று யாருக்கும் நினைவில்லை.

நடுசென்டர், வாய்தா உங்களை எண்ணச் சொன்னாரே. எண்ணுவது எப்படி என்று சொல்கிறேன். உலக அளவில் 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, ஒரே ஒரு நாளைத் தேர்ந்து செய்திகளை எண்ணும் திட்டம் ஒன்று நடக்கிறது. செய்தியில் பேசப்படுகிறவர்களிலும் கருத்துச் சொல்கிறவர்களிலும் பெண்கள் 1995-ல் 17 சதவீதம், 2020-ல் 25. இதே பாணியில் ஒரு தமிழ் சேனலின் இரவு விவாதத்தை எண்ண ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

கட்டம் போடுங்கள்: தேதி, தலைப்பு, விருந்தினர் பெயர், ஆண்/பெண், எந்தத் தகுதியில் அழைக்கப்பட்டார், பேசிய விநாடி, எத்தனை முறை இடைமறிக்கப்பட்டார். ஒரு நாள் போதாது. திங்கள் முதல் வெள்ளி வரை இரண்டு வாரம், பத்து நிகழ்ச்சி. பேசிய நேரத்தைக் கைப்பேசி ஸ்டாப்வாட்சில் எடுங்கள். தலையை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவீர்கள். திரையில் நாலு பெட்டியில் ஒரு பெண் இருப்பார், கடைசி ஐந்து நிமிடத்தில்தான் மைக் வரும்.

எங்கே தப்பு நடக்கும்? நெறியாளரைச் சேர்த்து எண்ணினால் சதவீதம் பொய்யாக ஏறும். தனிக் கட்டம் போடுங்கள். சந்தையில் நின்று எடுக்கும் பொதுமக்கள் பேட்டித் துணுக்கும் அப்படித்தான். வெங்காய விலைக்கு ஐந்து பெண்கள் பேசியிருப்பார்கள், பட்ஜெட்டுக்கு ஒருவரும் இருக்க மாட்டார். அதனால் தலைப்பு வாரியாகப் பிரிக்க வேண்டும். பாலியல் வன்முறை, மதுவிலக்கு, மகளிர் உரிமைத்தொகை ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். நிதி, காவிரி, கூட்டணிக் கணக்கு இவற்றுக்கு எத்தனை பெண்கள் என்பதில்தான் குட்டு வெளிப்படும்.

பிபிசியில் 2017-ல் ஒரு நிகழ்ச்சிக் குழு இதைத் தானே செய்தது. விதி எளிது: யாரைக் கூப்பிடுவது என்பது உங்கள் கையில் இருந்தால் எண்ணு, இல்லாவிட்டால் விடு. பிரதமர் யார் என்பது உங்கள் கையில் இல்லை. பட்ஜெட்டை விளக்க யாரை அழைப்பது என்பது இருக்கிறது. 39 சதவீதத்தில் தொடங்கி நான்கு மாதத்தில் 50-ஐத் தொட்டார்கள்.

இங்கே அது நடக்காததற்குக் காரணம் ரொம்பச் சாதாரணம். மாலை நாலு மணிக்குத் தலைப்பு முடிவாகும். விருந்தினர் ஒருங்கிணைப்பாளர் போனில் மேலே இருக்கும் பெயர்களை அழைப்பார். கட்சியிடம் கேட்டால் கட்சி தன் பட்டியலிலிருந்து அனுப்பும், அதில் பெண்கள் கடைசியில். பெண் பேச்சாளர் வந்தால் இரவு பத்தரைக்கு வீட்டில் விட வண்டி வேண்டும். அந்த வண்டியை முதலிலேயே சொல்லாவிட்டால் ‘இன்னிக்கு முடியாதுங்க’ என்பார். ஒருங்கிணைப்பாளர் அதை ‘பெண்கள் வர மாட்டேங்கிறாங்க’ என்று எழுதிக்கொள்வார். வண்டியை முதல் அழைப்பிலேயே சொல்லுங்கள். நேரில் வர முடியாதவரை வீடியோவில் எடுங்கள், ஆனால் அவர் பெட்டியை மூலையில் சின்னதாகப் போடாதீர்கள். பொருளாதாரம், நீர்ப்பாசனம், சட்டம் என்று துறைக்கு ஐந்து பெண் பெயராவது கையில் இருக்கட்டும். ஒருவரையே தினமும் கூப்பிட்டால் மூன்றாம் மாதம் அவரே போனை எடுக்க மாட்டார்.

தம்ப்நெயில் தம்பி

வாத்தியார் பரீட்சையே வச்சுட்டார் 😄

நடுசென்டர்

எண்ணிட்டு வர்றேன். ஆனா ஒண்ணு, ‘நடிகர்’ விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லல.

மூணாம் பக்கம்

சொல்கிறேன். ‘நடிகர்’ ஆணுக்கும் வருகிறது, ஒத்துக்கொள்கிறேன். எம்.ஜி.ஆர். முதல்வரானதும் அது கழன்று விழுந்தது. ஜெயலலிதா 1983-ல் கொள்கை பரப்புச் செயலாளர், 1984-ல் மாநிலங்களவை உறுப்பினர், 1991-ல் முதல்வர். ‘முன்னாள் நடிகை’ அவரோடு கடைசிவரை நடந்தது, டெல்லிப் பத்திரிகைகளில் இன்னும் அதிகம்.

என் ஒற்றைப் பத்திச் செய்திக்கு யாராவது மாற்றுத் தலைப்பு சொல்லுங்களேன். ‘குடிநீர் லாரி: கவுன்சிலர்கள் வாக்குவாதம்’ என்று வைத்துப் பார்த்தேன், மூன்று வரியில் அடங்குகிறது.

ஃபில்டர் காபி

நல்லாவே இருக்கு. அது சரி, அந்த வார்டுக்கு எத்தனை நடை லாரி வந்ததாம்?

மூணாம் பக்கம்

செய்தியில் இல்லை.